எம்.ஆர்.ஐ படத்தைப் பார்த்து ‘நடப்பானா’ என்று சொல்ல முடியுமா?

கேள்வி: "சார், எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். தம்பிக்கு 27 வயது. மாசி மாதம் புளி உலுக்க மரமேறி விழுந்துவிட்டான். டி12 எலும்பு நொறுங்கி ராடு, ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். நாலு மாதம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. தொடையில் தொட்டால் கொஞ்சம் தெரிகிறது என்கிறான். ஆனால் கால் எரிகிறது என்று ராத்திரி தூங்குவதில்லை. டி.டி.ஐ என்று புது ஸ்கேன் எடுத்தால் நடப்பானா மாட்டானா என்று தெரிந்துவிடுமாம். ஸ்டெம் செல் போட்டால் முன்னேற்றமும் அதே ஸ்கேனில் தெரியுமாம். எடுக்கலாமா? அப்பாவுக்கும் ஒரு வருஷமாகக் கால் விறைப்பு. ஃபுளோரைடு தண்ணீர் என்கிறார்கள். அதுவும் ஸ்கேனில் தெரியுமா?"

பதில்: முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு டி.டி.ஐ இப்போது தேவையில்லை. அதை வைத்து ஒரு தனி ஆளைப் பார்த்து நடப்பான், நடக்க மாட்டான் என்று இன்றைக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது. ஸ்டெம் செல்லுக்குப் பணம் கட்டவே வேண்டாம். ஆனால் அப்பாவை இந்த வாரமே காட்டுங்கள். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வீட்டில் ஸ்கேன் அவசரமாக வேண்டியது அவருக்குத்தான்.

நான் கிருஷ்ணகிரியில் ஸ்கேன் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவன். மாசி பங்குனியில் புளிய மரம், சித்திரை வைகாசியில் மாமரம், வருஷம் பூராவும் தென்னை மரமும் தொப்பூர் கணவாய்ச் சாலை விபத்தும். எங்களிடம் வரும் முதுகெலும்பு முறிவுகள் இப்படித்தான் மாறி மாறி வரும். மரத்திலிருந்து விழுபவர் பெரும்பாலும் காலிலோ பிட்டத்திலோ வந்து இறங்குவார். அந்த அதிர்ச்சி மேலேறி, விறைப்பான மார்புப் பகுதியும் வளைந்து கொடுக்கும் இடுப்புப் பகுதியும் சேரும் இடத்தைத் தாக்கும். மார்புப் பகுதியின் கடைசி எலும்பான டி12-உம் இடுப்புப் பகுதியின் முதல் எலும்பான எல்1-உம் அங்கேதான் இருக்கின்றன. (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: விழுந்தவரைக் கைத்தாங்கலாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். இருவர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். அப்படியே படுக்கவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.)

தண்டுவடம் முதுகெலும்பின் கடைசி வரை போவதில்லை. பெரியவர்களுக்குச் சுமார் 45 செ.மீ நீளம், எல்1, எல்2 எலும்புகளுக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் வேர் நரம்புகள் மட்டும் கொத்தாக இறங்குகின்றன. ஆக டி12 மட்டத்தில் தண்டுவடத்தின் நுனிப் பகுதியும், அதைச் சுற்றி இறங்கும் வேர்களும் ஒரே குழாய்க்குள் இருக்கின்றன. வேர் நரம்பு தண்டுவடத்தைவிட அடி தாங்கும். மெதுவாகவேனும் மீளும் குணமும் அதற்கு உண்டு. உங்கள் தம்பியின் செயலிழப்பில் எவ்வளவு நுனியால், எவ்வளவு வேர்களால் என்பது முக்கியமான கேள்வி. கீழே நான் சொல்லப்போகும் ஆய்வுகளில் பல கழுத்தில் அடிபட்டவர்களைப் பற்றியவை. அவற்றின் முடிவை அப்படியே தூக்கி டி12 காயத்துக்குப் பொருத்தக் கூடாது.

முதல் எம்.ஆர்.ஐ-யில் என்ன பார்க்கிறோம்? நீர் வெள்ளையாகத் தெரியும்படி எடுக்கும் ஒரு படவரிசை உண்டு. அடிபட்ட தண்டுவடம் வீங்கினால் அதில் வெள்ளையாகத் தெரியும். உள்ளே ரத்தம் கசிந்திருந்தால் முதல் சில நாட்களில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். ரிப்போர்ட்டில் ‘டி2 ஹைப்பர்’ என்று இருப்பதில் ‘டி2’ இந்தப் படவரிசையின் பெயர், ‘ஹைப்பர்’ என்றால் வெள்ளையாகத் தெரிகிறது என்று பொருள். இரண்டாவது முதுகெலும்பிலும் அடியா என்று கேட்டு அழுதுகொண்டு வருபவர்கள் உண்டு, அதனால் சொல்கிறேன். வெறும் வீக்கமா, ரத்தமும் சேர்ந்ததா என்பதைப் பொறுத்து மீட்சி மாறுகிறது என்று குல்கர்னி என்ற மருத்துவர் குழுவாக 1987-லேயே எழுதினார். எம்.ஆர்.ஐ அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. அடிப்படையில் அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை: ரத்தக் கசிவு இருந்தால் சேதம் ஆழம். வீக்கம் மட்டும் என்றால் நம்பிக்கை கூடுதல். 2015-ல் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவர்கள் இதையே 0 முதல் 4 வரை மதிப்பெண்ணாக்கினார்கள். தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது போன்ற படத்தில் வெள்ளை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, ஓரத்தில் நல்ல திசு கொஞ்சமாவது மிச்சமிருக்கிறதா, ரத்தம் உண்டா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். இதற்குப் புது மெஷின் எதுவும் தேவையில்லை. நீங்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் படத்திலேயே அது இருக்கிறது.

அதைவிடச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. தம்பியைச் சேர்த்தபோது டாக்டர் குண்டூசியும் பஞ்சும் வைத்து உடம்பெங்கும் உணர்வு பார்த்திருப்பார். ஆசனவாயில் விரல் விட்டு, ‘தெரியுதா, இறுக்கு’ என்று சொல்லியிருப்பார். பலர் அதைக் கூச்சத்தோடு மறந்துவிடுகிறார்கள். உலகம் முழுக்கத் தண்டுவடக் காயத்தை ஏ (A) முதல் ஈ (E) வரை தரம் பிரிப்பதே இதை வைத்துத்தான். ஏ என்றால் ஆசனவாய்ப் பகுதியில் உணர்வும் இல்லை, இறுக்கமும் இல்லை. ஈ என்றால் எல்லாம் இயல்பு. காலில் அசைவே இல்லாவிட்டாலும் அந்தக் கடைசி இடத்தில் தொடு உணர்வு இருந்தால் அது ஏ அல்ல, பி. ஏ-க்கும் பி-க்கும் நடுவே இருக்கும் தூரம் மிகப் பெரியது. தொடையில் தொட்டால் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த எழுத்து என்று பாருங்கள். எழுதவில்லையென்றால் அடுத்த முறை போகும்போது கேட்டு வாங்குங்கள். ஸ்பைனல் ஷாக் என்று ஒரு நிலை உண்டு. அடிபட்ட முதல் நாட்களில் எல்லாமே செத்ததுபோல் இருக்கும். அதனால் அன்றைய தரத்தைவிட, சில வாரம் கழித்துப் போடும் தரமே நம்பகமானது.

படம் முழுத் துண்டிப்பு போலத் தெரிந்தாலும், பரிசோதனையில் எதுவும் தெரியாவிட்டாலும், உள்ளே இழைகள் மிச்சமிருக்கலாம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பைரன் ககுலஸ் என்ற நரம்பு நோயியல் மருத்துவர் காயமடைந்து இறந்தவர்களின் தண்டுவடங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். உயிரோடிருந்தபோது முழுச் செயலிழப்பு என்று எழுதப்பட்ட பலருக்கும் காயத்தின் ஓரத்தில் திசு தொடர்ந்து போவதைக் கண்டார். கடந்த 15, 20 ஆண்டுகளில் ஸ்கேன் ஆராய்ச்சி மெல்லத் திரும்பியிருப்பதும் இந்தப் பக்கம்தான். எங்கே உடைந்தது என்பதைவிட என்ன மிச்சமிருக்கிறது என்பதை உயிரோடிருக்கும்போதே பார்க்க முயல்கிறார்கள். இந்தத் துறையில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

மிச்சத் திசுவை அளப்பதில் இப்போது கைக்கு எட்டும் முறை ஒன்று இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் சூரிக் குழுவினர் அதைத் ‘திசுப் பாலம்’ என்கிறார்கள். காயம்பட்டுச் சில வாரம் போனதும் வீக்கமும் ரத்தமும் வடிந்து, நடுவில் நீர் நிரம்பிய குழி மட்டும் தெளிவாகத் தெரியும். அந்தக் குழிக்கு முன்னாலும் பின்னாலும் சேதமாகாத திசு எத்தனை மில்லிமீட்டர் அகலத்துக்கு இருக்கிறது என்று அளக்கிறார்கள். சூரிக், ஜெர்மனியின் முர்னாவ், அமெரிக்காவின் டென்வர் ஆகிய மூன்று மையங்களில் 227 நோயாளிகளின் படங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2024-ல் வந்தது. பாலம் அகலமாக இருந்தவர்களுக்கு மீட்சியும் அதிகம். பரிசோதனைத் தரத்தோடு இந்த அளவையும் சேர்த்துக்கொண்டால் முன்கணிப்பு கூர்மையாகிறது. எனக்கு இதில் பிடித்த விஷயம், சாதாரண எம்.ஆர்.ஐ போதும் என்பது. ஆனால் 227 பேருமே கழுத்தில் அடிபட்டவர்கள். தம்பியின் காயம் வேர்களும் கலந்த இடம். தவிர, அவர் முதுகில் இருக்கும் ஸ்க்ரூக்களைச் சுற்றிப் படம் கறுத்து நெளிந்துதான் வரும்.

இனி டி.டி.ஐ. இதுவும் எம்.ஆர்.ஐ மெஷினில் எடுக்கும் ஒரு வகைப் படம்தான். 1994-ல் பாசர், மாட்டியெல்லோ, லெ பிஹான் என்ற மூவர் இதற்கான கணக்கை வெளியிட்டார்கள். உடம்பில் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைகின்றன. நரம்பு இழைகள் ஒழுங்காக இருக்கும் இடத்தில் அவை இழையின் போக்கிலேயே அதிகம் நகரும், குறுக்கே போகாது. கரை நன்றாக இருக்கும் வாய்க்காலில் தண்ணீர் நேராக ஓடி, கரை உடைந்த இடத்தில் நாலாபக்கமும் பரவுகிற மாதிரி. இந்தத் திசைப் போக்கை அளந்தால் இழைகள் எவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன என்று ஊகிக்கலாம். மூளையில் இது அருமையாக வேலை செய்கிறது. கட்டியை வெட்டும்முன் நரம்புப் பாதை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க இன்று பெரிய மருத்துவமனைகளில் பயன்படுத்துகிறார்கள்.

தண்டுவடத்தில்தான் சிக்கல். ஒரு சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் தடிமன். அதைச் சுற்றியிருக்கும் நீர் ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ஏறி இறங்குகிறது. மூச்சு விடும்போது மார்பு அசைகிறது. எலும்பு, நீர், நுரையீரல் காற்று எல்லாம் அடுத்தடுத்து இருப்பதால் காந்தப்புலம் சீராக இருப்பதில்லை. இதோடு ராடும் ஸ்க்ரூவும் இருந்தால் டி.டி.ஐ படத்தில் அந்த இடமே காணாமல் போகும். தம்பிக்கு நாம் பார்க்க வேண்டிய இடம் சரியாக அந்த ஸ்க்ரூக்களுக்கு நடுவில் இருக்கிறது! மெஷினுக்கு மெஷின் அளவும் மாறும். இந்த வேறுபாட்டைக் குறைப்பதற்காகவே மாண்ட்ரியலின் ஜூலியன் கோயன்-அதாத் முன்னின்று, உலகின் 42 மையங்களில் 260 ஆரோக்கியமான ஆட்களை ஒரே முறையில் ஸ்கேன் செய்து 2021-ல் பொதுவில் வெளியிட்டார்கள். காயமில்லாதவர்களின் தண்டுவடத்தை ஒரே மாதிரி அளப்பதற்கே இவ்வளவு பாடு. இந்த நிலையில் ஒரு சென்டரில் டி.டி.ஐ எடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்து, எண் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஸ்டெம் செல் வேலை செய்கிறது என்று யாராவது சொன்னால், கொஞ்சம் வேறு மாதிரிப் படுத்திருந்தாலும் அந்த எண் மாறும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். நூறு பேரைச் சேர்த்துப் பார்த்து, இந்த அளவு கூடியவர்கள் சராசரியாக நன்றாகத் தேறினார்கள் என்பது ஒரு முடிவு. உங்கள் தம்பி தேறுவாரா என்பது வேறு கேள்வி. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவுவதில்தான் விளம்பரங்கள் பிழைக்கின்றன.

கால் எரிச்சலுக்கு வருகிறேன். உணர்வே இல்லாத காலில் எரிச்சல் எப்படி என்று வீட்டில் நம்ப மாட்டார்கள். ‘மனசுல நினைச்சுக்கறான்’ என்பார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். அந்த வலி நிஜம், அதன் தடயம் மூளைப் படத்தில் தெரிகிறது. மூளையின் மேற்பரப்பில் உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் இடம் உண்டு. கால் உச்சிக்குப் பக்கத்தில், கை அதற்குக் கீழே, முகம் இன்னும் கீழே. காலிலிருந்து செய்தி வருவது நின்றதும் அந்த இடம் சும்மா இருப்பதில்லை. 2009-ல் சிட்னி ஆய்வாளர்கள் மார்பு மட்டத்தில் அடிபட்டவர்களை எஃப்.எம்.ஆர்.ஐ-யில் படுக்க வைத்து, சுண்டுவிரலை வருடியபோது மூளையில் எங்கே வேலை நடக்கிறது என்று பார்த்தார்கள். காயத்துக்குக் கீழே நரம்பு வலி உள்ளவர்களுக்குச் சுண்டுவிரலின் இடம் காலின் இடத்தை நோக்கி நகர்ந்திருந்தது. எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு வலி. எஃப்.எம்.ஆர்.ஐ என்பதும் அதே காந்த மெஷின்தான். வேலை செய்யும் மூளைப் பகுதிக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் வரத்து மாறுவதைப் படமாக்கலாம் என்று செய்ஜி ஒகாவா 1990-ல் காட்டியதிலிருந்து வந்தது.

இதில் நம் நாட்டுப் பங்கும் இருக்கிறது. ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் நீரஜ் ஜெயின் குழு, தண்டுவடம் காயப்பட்ட குரங்குகளில் கைக்குரிய மூளைப் பகுதி தாடையைத் தொட்டால் வேலை செய்வதை ஆராய்ந்தது. இந்த இடமாற்றம் மூளையின் மேற்பரப்பில் நடப்பதாகத்தான் பலரும் நினைத்திருந்தார்கள். மூலம் கீழே மூளைத்தண்டில் இருக்கிறது என்று 2014-ல் காட்டினார்கள். சென்னை ஸ்டான்லியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவர்களின் இல்லாத கை வலிக்கு முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்திய பெட்டியை வைத்துச் சிகிச்சை கண்டதும் இதே வழியில் யோசித்துத்தான். தம்பிக்குக் கண்ணாடிப் பெட்டி வேண்டும் என்று சொல்லவில்லை. நரம்பு வலிக்கென்றே பிரிகாபாலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. சாதாரண வலி மாத்திரை இந்த எரிச்சலைத் தொடாது. அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டியது டாக்டர். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண் மூன்றும் எரிச்சலைக் கிளறும் என்பதால் திடீரென்று அதிகமானால் முதலில் அவற்றைத் தேடுங்கள்.

மூளைப் படங்கள் கெட்ட செய்தியும் சொல்கின்றன, நல்ல செய்தியும் சொல்கின்றன. 2013-ல் சூரிக்கின் பாட்ரிக் ஃப்ராய்ண்ட் குழு, புதிதாக அடிபட்ட 13 பேரையும் காயமில்லாத 18 பேரையும் ஒரு வருடம் தொடர்ந்து ஸ்கேன் செய்தது. காயத்துக்கு வெகு மேலே, கழுத்து உச்சியிலேயே தண்டுவடம் மாதத்துக்கு மாதம் மெலிந்தது. மூளையில் அசைவுக்குரிய பகுதியும் மெலிந்தது. அதாவது அடி ஓரிடத்தில் விழுந்தாலும் மெலிவு மேலே மூளை வரை ஏறுகிறது. ஆனால் மெலிவு குறைவாக இருந்தவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். நல்ல செய்தி: கை செயலிழந்து பல ஆண்டுகள் ஆனவர்கள் விரலை அசைக்க முயலும்போதும் மூளையில் விரல் விரலாக வரைபடம் இன்னும் தெரிகிறது என்று 2021-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. காலம் போகப் போக அது மங்குகிறது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. பிசியோவில் ‘அசையாவிட்டாலும் பரவாயில்லை, அசைக்கிற மாதிரி முயற்சி பண்ணு’ என்று சொல்வதை வெறும் சமாதானப் பேச்சு என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. அந்த ஆய்வு கால்களைப் பற்றியதல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மின்தூண்டல் சாதனம் வைத்து நடந்தவர்கள் பற்றிய வீடியோக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது புரளி இல்லை. ஸ்விட்சர்லாந்தின் லோசானில் கோர்ட்டின், ப்ளாக் குழுவினர் இடுப்புப் பகுதித் தண்டுவடத்தின் மேல் மின்தகடு பதித்துப் பயிற்சி கொடுத்தார்கள். 2022-ல் 9 பேரிடம், திசு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பெட் (PET) ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் வினோதமான ஒன்று தெரிந்தது: நடை தேறத் தேற, நடக்கும்போது தண்டுவடத்தில் நடக்கும் வேலை கூடவில்லை, குறைந்தது! தேவையானவை மட்டும் இயங்கப் பழகின என்று அவர்கள் விளக்குகிறார்கள். மறு ஆண்டு ஒருவருக்கு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே மின்னணு இணைப்பே வைத்தார்கள். மூளையில் தகட்டை எங்கே வைப்பது என்று அறுவைக்கு முன் எடுத்த படங்களைக் கொண்டு முடிவு செய்தார்கள். இதெல்லாம் பரிசோதனைக் கட்டத்தில் இருக்கிறது. தர்மபுரியில் நாளைக்குக் கிடைக்கும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். ஸ்டெம் செல் கதை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்ற எல்லாமே ஆய்வு. ஆய்வுக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. உங்களிடம் ‘பேக்கேஜ்’ என்று லட்சத்தில் சொன்னால் அது ஆய்வும் இல்லை, அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையும் இல்லை.

அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எங்கே போடலாம்? நல்ல மெத்தை அல்லது வாட்டர் பெட். சிறுநீரகத்துக்கு வருடம் ஒரு முறை அல்ட்ராசவுண்ட். சிறுநீர்ப்பையை எப்படிக் காலி செய்வது என்ற பயிற்சி. தண்டுவடக் காயத்துக்குப் பிறகு ஆயுளைக் குறைப்பதில் சிறுநீரகமும் புண்ணும் பெரும் பங்கு வகிக்கின்றன. வேலூர் சி.எம்.சி-யின் மறுவாழ்வு நிறுவனம் பாகாயத்தில் இருக்கிறது. 1954 விபத்தில் தானே கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே அறுவை செய்த மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-ல் வந்தது அது. சில வாரமாவது அப்படி ஓரிடத்தில் தம்பியைச் சேர்த்துப் பயிற்சி வாங்க முடிந்தால், அடுத்த ஸ்கேனைவிடப் பயன். ஓசூர்ப் பகுதியில் இருப்பவர்களுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை அருகில்.

தம்பிக்கு மறுபடி எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டிய நிலை எது என்றால், தேறி நின்ற பிறகு புதிதாகக் கெட்டால். மரத்த பகுதி மேலேறினால், கையில் பலவீனமோ சூடு தெரியாமையோ வந்தால், விறைப்போ வியர்வையோ திடீரென்று மாறினால், தண்டுவடத்துக்குள் நீர்க்குழி நீண்டு வளரும் சிரிங்க்ஸ் என்ற தொல்லையாக இருக்கலாம். மாதங்கள் கழித்தும் வரும், பல வருடம் கழித்தும் வரும். அப்போது தாமதிக்கக் கூடாது. காய்ச்சலோடு முதுகு வலி என்றாலும் அப்படியே.

ஸ்கேனுக்குப் போகும்போது யாரும் சொல்லாத சில விஷயங்கள். உணர்வில்லாதவர் கெட்டியான மேசையில் முக்கால் மணி நேரம் படுத்தால் புண் வரும். பிட்டத்துக்கும் குதிகாலுக்கும் மெத்தை வைக்கச் சொல்லுங்கள், முடிந்ததும் தோலைப் பாருங்கள். ஒயர் எதுவும் தோலில் படாமல் இருக்கிறதா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். சுட்டாலும் அவருக்குத் தெரியாது. சிறுநீரைக் காலி செய்துவிட்டு உள்ளே போகட்டும். டி6-க்கு மேல் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர் நிறைந்தால் ரத்த அழுத்தம் எகிறும், தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும். தம்பிக்கு அந்த ஆபத்து குறைவு. ஸ்க்ரூ பற்றி: இப்போது போடும் டைட்டானியத்துக்கு எம்.ஆர்.ஐ-யில் ஆபத்தில்லை, படம்தான் கெடும். ஆனாலும் ஆபரேஷன் குறிப்பைக் கையில் கொண்டுபோங்கள்.

இப்போது அப்பா. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பாறைக்குள் ஃபுளோரைடு இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு வருகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை பரவாயில்லை, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல்லாண்டுகள் குடித்தால் எலும்பு தடித்து, தசைநாணும் இணைப்பு நாரும் எலும்பாகிவிடும். நெல்லூர்ப் பகுதியில் இந்த நோய் இருப்பதை ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் 1937-ல் எழுதினார்கள். அப்போது நெல்லூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2008-ல் தொடங்கி 2013-ல் தண்ணீர் கொடுத்தது இதற்காகத்தான். ஆனால் உங்கள் அப்பா அதற்கு முன்பே பல வருடம் போர்த் தண்ணீர் குடித்திருப்பார். எலும்பில் சேர்ந்தது சீக்கிரம் போகாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது, சுண்டினால் கூடத்தான் செய்யும்.

தண்டுவடத்துக்கு இது எப்படி வருகிறது என்றால், முதுகெலும்புக் குழாயின் முன்சுவரிலும் பின்சுவரிலும் இருக்கும் நார்கள் எலும்பாகித் தடித்து, நடுவிலிருக்கும் தண்டுவடத்தை மெதுவாக நெருக்குகின்றன. கால் விறைப்பு, நடை தடுமாற்றம், செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, சட்டைப் பொத்தான் போட முடியாமை, சிறுநீரை அடக்க முடியாமை, இப்படித் தொடங்கும். எம்.ஆர்.ஐ தண்டுவடம் எவ்வளவு நசுங்கியிருக்கிறது, உள்ளே வெள்ளை மாற்றம் வந்துவிட்டதா என்று காட்டும். எலும்பான நார் அதில் வெறும் கறுப்பாகத் தெரிவதால் அதன் அளவைச் சரியாகச் சொல்ல சி.டி. ஸ்கேனும் வேண்டும். ஃபுளோரைடுதானா என்பதற்கு ஒரு மலிவான வழி: முன்கை எக்ஸ்ரே. இரண்டு எலும்புக்கு நடுவிலிருக்கும் சவ்வு எலும்பாகி முள்முள்ளாகத் தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. பல் வெள்ளையாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பல் முளைக்கும் வயதுக்குப் பிறகு அந்தத் தண்ணீர் குடித்தவர்களுக்குப் பல்லில் கறை வராது. தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதிக்கலாம்.

ஆனால் ஊர் சொல்கிறது என்பதற்காக ஃபுளோரைடு என்று முடிவு கட்டிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டாம். அந்த வயதில் கழுத்து ஜவ்வு தேய்ந்து நெருக்குவது சாதாரணம். பி12 குறைபாட்டில் தண்டுவடத்தின் பின்பகுதி தலைகீழ் ‘வி’ போல வெள்ளையாகும், ஊசியில் சரியாகும். எலும்புக் காசநோயில் சீழ் நெருக்கும், அதற்கு மருந்து இருக்கிறது. மூன்றையும் பார்க்க, இடுப்பு மட்டும் எடுக்காமல் கழுத்தும் மார்பும் சேர்த்து எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டும். கால் விறைப்பு என்றதும் இடுப்பு எம்.ஆர்.ஐ மட்டும் எழுதிக் கொடுத்தால், ‘விறைப்பு என்றால் தண்டுவடம் மேலே நெருங்கியிருக்கலாம் அல்லவா’ என்று மரியாதையாகக் கேளுங்கள். தம்பிக்கு நடந்தது ஒரு நொடியில் நடந்துவிட்டது. அப்பாவுக்கு நடப்பது மெதுவாக நடக்கிறது, நெருக்கத்தை அறுவையில் எடுத்துவிட்டால் அங்கேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தண்டுவடம் மெலிந்த பிறகு செய்தால் பலன் குறைவு. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவில் காட்டித் தொடங்குங்கள்.

போகும்போது தம்பியின் முதல் எம்.ஆர்.ஐ-யையும் எடுத்துப்போங்கள். ஃபிலிம் மட்டும் இருந்தால் எடுத்த இடத்தில் கேட்டு சிடியாகவோ பென்டிரைவிலோ வாங்குங்கள். பழைய படங்களைச் சில சென்டர்கள் கொஞ்ச காலத்தில் அழித்துவிடும். வெள்ளை எவ்வளவு பரவியிருந்தது, ரத்தம் இருந்ததா என்று பார்க்க ஃபிலிமைவிட அதுதான் வசதி. விழுந்த தேதி, ஸ்கேன் எடுத்த தேதி, ஆபரேஷன் தேதி மூன்றையும் உறை மேல் எழுதி வையுங்கள்.